நூல் அறையில் இருக்கும் பெட்டி

இல்லை, நேற்று வரை யாரிடமும் சொல்லவில்லை. நூல் அறையைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசம் வருகிறது. பழைய கிரீஸ். மெழுகுத்தாள். நனைந்து காய்ந்த மரம். மழை பெய்தால் மெஷின் வரைக்கும் வருகிறது. நூல் கோன் மூட்டைகளுக்குப் பின்னால் நீ வைத்துவிட்டுப் போன பெட்டி. உள்ளே ஐந்து ராணுவத் துப்பாக்கிகள். ஆறாவது, உன்னோடு போனது.

தாராபுரம் சாலையில் மூடிக்கிடந்த மில்லை இடிக்கிறார்கள் என்று உதிரிபாகம் தேடிப் போனாய். யுத்த காலத்தில் அந்த மில் குடோனைப் பட்டாளம் எடுத்துக்கொண்டிருந்ததாம். காலி செய்தவர்கள் கடைசி அறையை மறந்துவிட்டார்கள். வாட்ச்மேன் சொன்னது இவ்வளவுதான். இரும்போடு இரும்பாக டெம்போவில் ஏற்றி எங்கள் நிட்டிங் யூனிட்டுக்குக் கொண்டுவந்தாய்.

"போலீஸ்ல சொல்லீரலாம்" என்றேன்.

"ஏ பிள்ள, ஒங்க ஊர்ல எருமையக்கூட 'நவுந்துக்கங்க'ம்பீங்க. போலீஸ்காரன் என்னைய அப்படியா கேப்பான்? தூத்துக்குடிக்காரன், டெம்போவுல துப்பாக்கி. கேக்கவே வேண்டாம்."

சிரித்தோம். பிறகு நீ தாளைப் பிரித்தாய். உலோகத்தில் ஒரு முத்திரை. மரக்கட்டையில் யாரோ ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள். பார்த்துக்கொண்டே இருந்தோம். படம் எடுத்தது நான்தான்.

பழைய சாமான் வாங்கி விற்கும் வாட்ஸ்அப் குரூப்பில் நீ போட்ட அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். பழைய ஆயுதங்களைச் சேர்ப்பவர். குரலில் அவ்வளவு மரியாதை.

"தயவுசெஞ்சு துடைச்சிடாதீங்க. அந்தக் கிரீஸோடயே இருக்கட்டும். கீறல் இருக்கு பாருங்க, அதுலதான் மதிப்பு."

போனை வைத்ததும் நீ என்னைப் பார்த்தாய். "கிரீஸ் இறுகி நிக்கிற சாமானப் பாத்துக்கிட்டு ஒரு ஃபிட்டர் சும்மா இருப்பானா?"

ஒன்றை மட்டும் நல்லூரில் உன் அறைக்கு எடுத்துப் போனாய். ஊசிகளுக்கு விடும் எண்ணெயில் அரை கேன் கேட்டாய். ஊற்றிக் கொடுத்தேன்.

மாதக்கணக்கில் நின்ற நிட்டிங் மெஷினை இங்கே யாரும் நேராகக் கரண்டில் போடுவதில்லை. எண்ணெய் விட்டு, கையால் ஒரு சுற்று சுற்றி, காதைக் கிட்டே வைத்துக் கேட்பார்கள். ஊசி சிக்கியிருந்தால் தெரிந்துவிடும். "கை சொல்லிரும்" என்பாய். உன் கை பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்தத் துப்பாக்கியையும் மெஷினைப் போலவே நினைத்துவிட்டாய். எண்ணெய் விட்டாய். அசைத்தாய். காதைக் கிட்டே வைத்தாய். உள்ளே ஒரு தோட்டா இருந்திருக்கிறது. இத்தனை வருடமும்.

நானும் மெஷினைக் கையால் சுற்றித்தான் ஓட்டுகிறேன். அந்தப் பழக்கம் நீ கொடுத்தது. இப்போது சுற்றும்போது முகம் தானாக மறுபக்கம் திரும்பிக்கொள்கிறது.

வாராவாரம் உன் அக்காவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். பனியன் கம்பெனிச் செக்கிங் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போகிறார். போன வாரம் துணைக்கு நானும் போனேன். ஏட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா? ஏனுங்க, ஒத்தைத் துப்பாக்கி தனியா நடந்து வந்திருக்காதுங்களே. மிச்சத்த எங்க வெச்சிருக்கறீங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எந்தம்பி ஊசி, எண்ணெயத் தவிர ஒண்ணும் வீட்டுக்குக் கொண்டாந்ததில்ல சார்."

"யோசிங்க. அடுத்த வாரமும் வாங்க. அவசரமே இல்லீங்க."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். டீ குடித்தேன்.

நேற்று பெங்களூர்க்காரர் என்னைக் கூப்பிட்டார். என் நம்பரை நீ கொடுத்திருக்கிறாய்.

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். அந்த மிச்சம் அஞ்சும் ஒரே பெட்டிதானே?"

"எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க."

"பரவாயில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க எம்.ஏ. படிச்சவங்கன்னு அவர் சொல்லியிருக்கார். நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தீங்கன்னா நல்லது. கதையோட இருந்தாதான் சேகரிக்கிறவங்களுக்கு மதிப்பு."

உன் சாவு அவருக்கு இன்னொரு கீறல்.

போனை வைத்த பிறகும் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அந்த ஒரு பக்கத்தின் முதல் வரி அதற்குள் எனக்குள் வந்துவிட்டிருந்தது. நல்ல வரி.

மிச்சம் ஐந்திலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நூல் அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நாள் முழுக்க ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள்.

இன்று காலை மெயின் சுவிட்சை நிறுத்தினேன். எல்லோரையும் வெளியே அனுப்பி யூனிட்டைப் பூட்டினேன். உன் அக்கா வேலை செய்யும் கம்பெனி வாசலுக்குப் போய் அவரை வெளியே கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் கொடுத்ததையும் சொன்னேன். அவர் அழவில்லை. "இத்தன நாளா எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தியா?" என்று மட்டும் கேட்டார். வண்டியில் ஏற மறுத்துவிட்டார். ஸ்டேஷன் வரைக்கும் அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.