கருப்பு பிளாஸ்டிக் எந்தப் பக்கம்?

விண்வெளி நிலையம்,
ஏப்ரல் 9

அன்புள்ள கார்னி அண்ணா,

நான் இங்கே நலம். நீயும் எல்ஃப்ரீடா அண்ணியும் நலமா? மூன்று வருடமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் தவிர ஒரு வரி எழுதாதவள், பூமியை விட்டுப் போனதும் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. நம் ரெட் ரிவர் ஆற்றில் இந்த வருடம் வெள்ளம் பெரிதாக வரும் என்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

நாங்கள் எதைப் படமெடுக்க வேண்டும் என்று தரையிலிருந்து தினமும் ஒரு பட்டியல் வரும். இந்த எரிமலை, அந்தப் பவளப் பாறை என்று இருக்கும். நம் பண்ணைக்கு அதில் இடமில்லை. சாப்பாட்டு நேரத்தில் நீள லென்ஸை மாட்டிக்கொண்டு நானாகவே எடுத்தேன். கையைக் கொஞ்சம் அசக்கினாலும் அடுத்த ஊர் வந்துவிடும். படத்தை இணைத்திருக்கிறேன். வட்டமான கரைக்குள் கோதுமை மணி அளவுக்குத் தெரிவதுதான் உன் வீடு. வெள்ளத்தைத் தடுக்க வீட்டைச் சுற்றி நீ கட்டிய மண்கரை இங்கிருந்தே தெரிகிறது, அண்ணா!

உன் அன்புத் தங்கை,
ஹெல்கா

*

பண்ணை, மானிட்டோபா,
ஏப்ரல் 11

ஹெல்கா,

படம் வந்தது. எல்ஃப்ரீடா அதை அச்செடுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். உன் படத்தில் ஆறு என் வீட்டுக்கு மேற்கே ஓடுகிறது. தாத்தா காலத்திலிருந்து அது கிழக்கேதான் ஓடுகிறது. படத்தைத் தலைகீழாக அனுப்பியிருக்கிறாய். சின்ன வயதில் காரில் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து நம் அப்பாவை எல்லை தாண்டி அமெரிக்காவுக்கே கொண்டுபோனவள்தானே!

காலி செய்யச் சொல்லி முனிசிபாலிட்டி ஆள் வந்தான். எல்ஃப்ரீடாவை நகரத்துக்கு அனுப்பிவிட்டேன். போகும்போது ஈஸ்டருக்குச் சுட்ட பாஸ்கா ரொட்டி நாலு வைத்துவிட்டுப் போனாள். நானும் நாயும் பம்பும் இங்கே இருக்கிறோம். கரைக்குள் கசியும் தண்ணீரை இறைக்கும் பம்ப் நின்றால் வீடு போயிற்று, யாராவது பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். கிழக்கே கரை ஏழடி. ஆபத்து வந்தால் மேற்குச் சாலை இருக்கிறது, ட்ரக் இருக்கிறது. கவலைப்படாதே.

கார்னேலியஸ்

*

விண்வெளி நிலையம்,
ஏப்ரல் 19

அண்ணா,

தலைகீழ்ப் படத்துக்கு மன்னித்துவிடு. இங்கே ஜன்னலுக்கு மேல் கீழ் கிடையாது. எந்தப் பக்கம் தலையை வைத்து மிதக்கிறோமோ, அதுதான் மேல். அனுப்பும் முன் திருப்பியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

ஆனால் இன்று எழுதுவது வேறு விஷயம். தயவுசெய்து முழுதும் படி. சூரியன் சரியான கோணத்தில் விழும்போது தண்ணீர் மட்டும் பளபளவென்று மின்னும். சேறு மின்னாது, பனி மின்னாது. இன்று காலை உன் வீட்டுக்கு மேற்கே பதினைந்து மைல் தூரத்தில் வயல்கள் மின்னின. ஆறு தெற்கே எங்கோ உடைத்துக்கொண்டு, நிலத்தின் மேலேயே உங்களுக்குப் பின்புறமாக வருகிறது. எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மேற்கே உன் கரை மூன்றடிதானே? நீ தப்பிக்க நினைக்கும் சாலையும் அங்கேதானே போகிறது?

தரையில் எங்கள் ஆட்களிடம் சொன்னேன், அவர்கள் வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் அனுப்பிவிட்டார்கள். அந்த அறையின் ஆட்கள் உன்னிடம் வந்து சேர இரண்டு நாளாகலாம். நீ இன்றே கிளம்பு.

ஹெல்கா

*

பண்ணை,
ஏப்ரல் 20

ஹெல்கா,

போன வாரம் ஆற்றையே மேற்கே கொண்டுபோய் வைத்தாய். இந்த வாரம் வெள்ளத்தையும் வைக்கிறாய். ட்ரக்கில் இரண்டு மைல் மேற்கே போய்ப் பார்த்தேன். பழைய பனிதான் இருக்கிறது. பக்கத்துப் பண்ணை ஃப்ரீசன் சிரிக்கிறான்: "ஒன் தங்கச்சி நெலாவுல இருந்து பாத்தாளா? கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாக்கச் சொல்லுடா!"

எல்ஃப்ரீடா போனில் அழுகிறாள்: "அவ மேல இருந்து பாத்துச் சொல்றா, நீங்க கீழ நின்னுக்கிட்டு வாதாடுறீங்க. எந்த ஊரு நியாயம் இது?"

நான் உள்ளதைச் சொல்கிறேன். நீ தப்பாகப் பார்த்தாய் என்பதல்ல என் பயம். என்னைக் கிளப்புவதற்காக இல்லாததைச் சொல்கிறாயோ என்பதுதான். ஒரு தடவை என் நல்லதுக்கென்று பொய் சொன்னவள் நீ.

அதனால் ஒரு பரீட்சை. கொட்டகையில் தீவனம் மூடும் கருப்பு பிளாஸ்டிக் இருக்கிறது, இருநூறு அடி நீளம். நாளை விடிந்ததும் வீட்டின் நாலு பக்கத்தில் ஒரு பக்கம் பனிமேல் விரிக்கிறேன். எந்தப் பக்கம் என்று சொல். சரியாகச் சொன்னால் அந்த நிமிடமே வண்டியில் ஏறுகிறேன். இல்லையென்றால் இந்தப் பேச்சை விட்டுவிடு.

கார்னேலியஸ்

*

விண்வெளி நிலையம்,
ஏப்ரல் 21

அண்ணா,

இன்று உன் தலைக்குமேல் மூன்று முறை போனேன். முதல் முறை மேகம். இரண்டாம் முறை ஒரு இடைவெளி கிடைத்தது, லென்ஸ் அசைந்து அடுத்த ஊர் விழுந்துவிட்டது. மூன்றாம் முறை வானம் துடைத்தாற்போல் இருந்தது. நாற்பது படம் எடுத்தேன். வடக்கு எது, தெற்கு எது என்று ஆற்றை வைத்து ஐந்து தடவை சரிபார்த்தேன்.

பிளாஸ்டிக் எங்கேயும் இல்லை.

உன் வைக்கோல் கட்டு வரிசை தெரிகிறது. ட்ரக் தெரிகிறது. இருநூறு அடிக் கருப்பு தெரியாமல் போகாது. என்னோடு இருக்கும் மார்வின் சொன்னான்: "ஏதாவது ஒரு பக்கத்தச் சொல்லிடு ஹெல்கா. நாலுல ஒண்ணு. பலிச்சா அண்ணன் பொழச்சான்." சொல்லிவிடலாம் என்று விரலும் போனது. வடக்கு என்று அடித்துவிட்டு அழித்தேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது "பயமில்லை, விதைப்பை முடித்துவிட்டு வா" என்று எழுதினேன். அப்போதே டாக்டர் நாள் குறித்துவிட்டார். உன் நல்லதுக்கு என்று நினைத்துப் பொய் சொன்னேன். நீ வந்து சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அதை இதுவரை உன்னிடம் ஒப்புக்கொண்டதில்லை. இன்று ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு பொய்யால் உன்னைக் காப்பாற்ற எனக்குத் துணிவில்லை.

பார்த்ததை மட்டும் சொல்கிறேன். தண்ணீர் இப்போது மேற்குச் சாலையில் கல்லறைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. உன் வீட்டுக்கு நாலு மைல். பரீட்சையில் நான் தோற்றுவிட்டேன். ஆனாலும் கிளம்பு அண்ணா, கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹெல்கா

*

விண்வெளி நிலையம்,
ஏப்ரல் 22

அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அண்ணியின் போனும் கிடைக்கவில்லை. இன்று படத்தில் உன் கரை தெரியவில்லை. வீடு இருந்த இடத்தைச் சுற்றி ஒரே மினுமினுப்பு, நடுவில் கூரை. ட்ரக்கைத் தேடினேன், காணோம். அது நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்கு யாருமில்லை. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஹெல்கா

*

நகரத்துத் தேவாலயக் கூடம்,
ஏப்ரல் 24

அன்புள்ள ஹெல்கா,

இருக்கிறேன். மின்சாரம் போய், போன் கோபுரமும் விழுந்துவிட்டது. இன்றுதான் எழுத வழி கிடைத்தது. நாயும் நானும் எல்ஃப்ரீடாவோடு கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறோம். அவள் இன்னும் என்னைத் திட்டி முடிக்கவில்லை.

பிளாஸ்டிக்கை நான் விரிக்கவே இல்லை, குட்டி. சுருள் கொட்டகையிலேயே கிடந்தது. அதுதான் பரீட்சை. நீ எந்தப் பக்கத்தைச் சொல்லியிருந்தாலும் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். 'எங்கேயும் இல்லை' என்று படித்ததும் பம்பை ஓடவிட்டபடியே ட்ரக்கில் ஏறினேன். வழியில் ஃப்ரீசனையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் சாலைமேல் தண்ணீர் ஓடியது. சக்கரம் பாதி முழுகித்தான் கடந்தோம். அரைமணி தாமதித்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஃப்ரீசன் கண்ணாடியைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

வீடு போகட்டும், கட்டிக்கொள்ளலாம். இத்தனை நாள் உன்னிடம் கேட்காமல் வைத்திருந்த ஒன்றை இப்போது கேட்கிறேன். கேட்டால் நீ ஆறுதலுக்கு எதையாவது சொல்லிவிடுவாய் என்று பயந்துதான் கேட்கவில்லை. இப்போது அந்தப் பயம் இல்லை.

கடைசி நாளில் அம்மா என்னைக் கேட்டாளா?

உன் அண்ணன்,
கார்னி