பலகை நிறையப் பித்தளை வில்லைகள்

அன்புள்ள வெர்னன்,

உங்களையும் உங்கள் மூச்சையும் கர்த்தர் காக்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இருமல் குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் வேலை செய்கிற இந்தக் கேளிக்கைப் பூங்காவில் புதிதாக ஒரு ரோலர் கோஸ்டர். நம் ஊர் நிலக்கரிச் சுரங்கம் போலவே கட்டியிருக்கிறார்கள். திறப்பதற்கு முன் வேலை செய்கிற எங்களை ஏற்றிப் பார்த்தார்கள். என் பக்கத்தில் சமையல்கட்டு லொரெட்டா. வண்டி இருட்டுக்குள் தலைகுப்புறப் பாய்ந்தது. முட்டு மரம் முறிகிற சத்தம், முகத்தில் பொய்த் தூசி. நான் சங்கீதம் சொல்லிக்கொண்டே போய் வந்தேன்.

"எல்லாரும் கத்துறாங்க, நீ என்னடி சர்ச்சுல உக்காந்த மாதிரி வர்ற?" என்று லொரெட்டா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வெளியே வரும் வழியில் ஒரு பலகை இருந்தது. சுரங்கத்தில் இறங்கும்போது ஆணியில் மாட்டி, மேலே வந்ததும் கழற்றுவீர்களே, அதே நம்பர் போட்ட பித்தளை வில்லைகள் எல்லா ஆணியிலும் தொங்கின. ஒருவர்கூட மேலே வரவில்லை என்று நினைத்துவிட்டேன். பலகைக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு உங்கள் நம்பரைத் தேடினேன்.

"அடியே, அது சும்மா அழகுக்கு மாட்டினது. எந்திரி" என்றாள் லொரெட்டா.

திங்கள் முதல் அந்த வாசலில்தான் எனக்கு வேலை. பழகிவிடும்.

என் பழைய செருப்பை அனுப்பி வையுங்கள், புதியது கடிக்கிறது. தினமும் மேலே வந்ததும், குளிப்பதற்கு முன்பே, நான் தங்கியிருக்கிற விடுதிக்கு ஒரு போன் போடுங்கள். நான் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். எடுக்க மாட்டேன், அதனால் காசு ஆகாது. மணி அடித்தால் போதும்.

வேலைக்கு அழைக்கிறார்கள்.

உங்கள் ஓப்பல்