மிளகாய் போடாத கொரியன் சோறு

சவூதியில், தம்மாமில் இருக்கும் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் அடுத்த அறையில் இருக்கும் நம் மகள் ரிஃபானாவுக்குக் கேட்கும். அதனால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன்.

இன்று ஆரியசாலைக் கடையில் வேலை முடிந்து வரும் வழியில் பீஃப் வாங்கி, இரண்டு முறை கொத்தச் சொன்னேன். மகளால் மெல்ல முடியவில்லை. அவள் போனில் பார்த்து ஆசையாகச் செய்யும் கொரியன் சோறுதான். பூண்டு, இஞ்சி, சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கறியை வதக்கி, குழைந்த சோற்றின் மேல் போட்டேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. உதடு கிழிந்திருப்பதால் மிளகாய் போடவில்லை.

நாலு ஸ்பூன் சாப்பிட்டாள்.

"போதும் உம்மா, தாடை வலிக்குது" என்றாள். பிறகு தலை நிமிராமல், "வாப்பா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

ஓர் அடிக்காக வீட்டை விட்டு வரலாமா, மருமகனிடம் திருப்பி அனுப்பு என்று நீங்கள் சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒன்னை இங்கயே இருக்கச் சொன்னாங்க" என்றேன்.

வந்து ஆறு நாளில் இன்றுதான் அழுதாள். அழுதுகொண்டே மீதிச் சோற்றையும் சாப்பிட்டாள்.

நாளை உங்களைக் கூப்பிட்டு நன்றி சொல்லப் போகிறாளாம். அப்படிச் சொன்னவராகவே அவளிடம் பேசுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய உம்மா