43-ஆம் எண் பலகையை வரைந்தவர் உயிரோடிருப்பது குறித்து

அனுப்புநர்:
கணக்கம்மா (வீட்டிலும் தெருவிலும் எனக்கு வழங்கும் பெயர்),
இல்லத்தரசி, மூன்றாம் மாடி,
தபால் நிலையத்துக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நகர அருங்காட்சியகம்.

பொருள்: இரண்டாம் கூடத்தில் "பெயர் தெரியாத ஓவியர், சுமார் நூறாண்டுக்கு முன்" என்ற அட்டையுடன் தொங்கும் ஓவியத்துக்கு என் பெயரை இடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆண்டவன் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். இந்த மனுவுக்கு முதல் ஆதாரம் அதுவே.

1. சென்ற ஞாயிறு வழிபாடு முடித்து, கணவரும் நானும் தங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்தோம். அங்கே தனி விளக்குப் போட்டு, முன்னால் கயிறு கட்டி, "கடல்மேல் ஐந்து வெண்பறவைகள்" என்று ஒரு பலகை ஓவியம். ஐயா, அந்த நீலம் கடல் இல்லை, எங்கள் பழைய வீட்டின் எதிர்ச் சுவர். பறவைகளும் இல்லை; காயப்போட்ட என் கணவரின் பனியன்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், உடைந்த அலமாரியின் முதுகுப் பலகையில் நான் வரைந்தது.

2. கிட்டே போனேன். காவலர், "தொடாதீங்கம்மா, வரைஞ்சவங்க போய்ச் சேர்ந்தே அம்பது வருஷம் இருக்கும்" என்றார். கடமையைச் செய்தார், அவர்மேல் குறையில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் நான் படியில் உட்கார்ந்துவிட்டபோது தண்ணீர் தந்தவரும் அவரே.

3. அதன் பழுப்பு, காலத்தின் நிறம் என்கிறது அட்டை. ஒன்பது ஆண்டுகள் சாமி விளக்குக்கு மேலே மாட்டியிருந்தேன். அது விளக்குப் புகை. காலையும் மாலையும் தவறாமல் ஏற்றியவள் நான்.

4. "பின்புறமுள்ள 43 என்ற குறியின் பொருள் ஆய்வுக்குரியது" என்றும் உள்ளது. ஆய்வு வேண்டாம் ஐயா. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றிலும் எண் எழுதிப் பதிவேட்டில் ஏற்றுவது என் வழக்கம். 42 மாவுச் சல்லடை, 44 மடக்கு ஏணி. இரண்டையும் கொண்டுவந்து கையெழுத்தை ஒப்பிட்டுக் காட்டுகிறேன். ஏணியைக் கணவர் சுமப்பார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வீடு மாறியபோது, "வெறும் பலகைதானே" என்று பழைய சாமான் கடையில் போட்டவர் அவர்தான். இப்போது தம் பனியன் அருங்காட்சியகம் ஏறிவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

5. பலகையைத் திருப்பிக் கேட்கவில்லை. என் சுவரைவிட உங்கள் சுவரில் அழகாக இருக்கிறது. ஆனால், பொருள் கைமாறினாலும் வரைந்தவர் இன்னார் என்று சொல்லப்படும் உரிமை வரைந்தவரிடமே நிற்கும் என நூலகத்துச் சட்டப் புத்தகத்தில் படித்தேன். தங்கள் ஓவியப் பட்டியல் நூல் அடுத்த மாதம் அச்சுக்குப் போவதாகக் காவலர் சொன்னார். அதில் "பெயர் தெரியாதவர்" என்று ஏறிவிட்டால், பிறகு நானே நேரில் வந்து நின்றாலும் நூலைத்தான் நம்புவார்கள். சமையல் முடிந்த மதியங்களில் நானாகக் கற்ற கை இது. மின்கட்டண ரசீதில்கூட என் பெயர் இதுவரை அச்சானதில்லை.

ஆகவே, அட்டையிலும் நூலிலும் "ஐந்து பனியன்கள், வரைந்தவர்: கணக்கம்மா" எனத் திருத்த உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். மற்ற ஓவியர்களுக்குப் பிறந்த ஆண்டை எழுதி ஒரு கோடு போடுகிறீர்கள். எனக்கும் போடலாம், ஆண்டைத் தருகிறேன். கோட்டுக்கு அந்தப் பக்கத்தை மட்டும் காலியாக விட்டுவையுங்கள். அவசரமில்லை.

மகிழ்ச்சியும் நன்றியும் கலந்து,
(கையொப்பம்)
கணக்கம்மா

இடம்: சமையலறை மேசை
நாள்: ஜூன் 9, செவ்வாய்
இணைப்பு: சாமான் பதிவேடு, எண் 40 முதல் 45 வரை, நகல்