கல்வேலியில் வைத்த பேர்கள்

நெடுந்தீவு, 1937 ஒக்டோபர் 4, திங்கள்

காலையில் கிணற்றடியில் செபஸ்தியம்மாவைக் கண்டேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், விடவில்லை.

"மூப்பர், போன வருசம் எல்லாரையும் கூப்பிட்டியள். என்ரை பிள்ளையை மட்டும் விட்டிட்டியள். அவன் ஈரத்தோடை கோயில் வாசலிலையே நிக்கிறான்."

கோபமில்லாமல், மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

உண்மைதான். எங்கள் கோயிலில் ஆத்துமாக்கள் திருநாளன்று செத்தவர்களின் பேர்களை மூப்பர் மனப்பாடமாகச் சொல்லிக் கூப்பிடவேண்டும். கடதாசியைப் பார்த்து வாசித்தால் அவர்களுக்குக் கேட்காதாம். பதினெட்டு வருஷம் பிசகாமல் சொன்ன வாய் இது. போன வருஷம் நாற்பத்தொன்றில் நாற்பதுதான் வந்தது. கடலோடு போன அவள் மகன் இன்னாசித்தம்பி வாய்க்கு வரவேயில்லை. வருகிற நவம்பர் இரண்டாந் திகதியும் விட்டுவிட்டால் நான் மூப்பராக இருந்தென்ன, ஆட்டுக்குக் குழை ஒடித்தென்ன?

ஒக்டோபர் 6

அரியநாயகம் வாத்தியாரிடம் போய், பேர் மறவாமலிருக்க வழி கேட்டேன். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. பொழுதுபட்டதும் அன்றைய நாளைக் கடைசியிலிருந்து முன்னுக்குச் சொல்லிப் பார்க்கட்டாம். ஒரு வேலை செய்கையில் இன்னொன்றை நினைக்கக் கூடாதாம். பேர்களைப் பழகிய வழியில் இடத்துக்கொன்றாக வைக்கட்டாம். "வழி மறவாதுதானே மூப்பர். மனசுக்குள்ளை நடந்தியள் எண்டால் பேர் தானாய் வரும்" என்றார்.

வீட்டில் சொன்னேன். "வல்லாரையும் தின்னுங்கோ" என்றாள் மார்கிரட். கட்டிய நாளிலிருந்து அவள் எனக்கு வைத்தியம் சொல்லாத நாளில்லை.

ஒக்டோபர் 9

வல்லாரைச் சம்பல். மூன்றாவது நாள்.

ஒக்டோபர் 12

என் வீட்டு வாசற்படலையிலிருந்து கோயில்வரை கல்வேலியோரமாக நடந்து இடம் பார்த்தேன். சரிந்த கல், வெள்ளைக் கல், பனையடி, ஆடு பாயும் உடைவு என்று ஒவ்வொருவரையும் ஓரிடத்தில் வைத்தேன். நாற்பது இடந்தான் அகப்பட்டது. இன்னாசித்தம்பி மிஞ்சிப்போனான். இந்தமுறை தவறவே கூடாதென்று அவனை என் படலையடியிலேயே வைத்தேன். இனி அவன்தான் முதற்பேர்.

ஒக்டோபர் 17

நாற்பத்தொன்றும் வந்தது! இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். ஊர்காவற்றுறையில் இருக்கும் என் மருமகனின் பேர்தான் வெகுநேரம் வரவில்லை. அவர் உயிரோடிருக்கிறவர், அவசரமில்லை.

ஒக்டோபர் 21

மத்தியானம், நல்ல வெயில். கோயிலுக்கு நடந்தேன். நான் நினைக்குமுன்பே அவர்கள் நின்றார்கள். ஒவ்வொருவரும் வைத்த வைத்த இடத்தில், முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டு. பழக்கத்தில் வரும் தோற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் எதிரே ஒரு மட்டக்குதிரை வந்தது. பனையடியில் நின்று மூசியது. பிறகு அந்த இடத்தை விலத்தி, ஒழுங்கையின் மற்றக் கரையால் போனது. குதிரைக்கு யார் பேர் சொல்லிக் கொடுத்தது?

ஒக்டோபர் 24

விளக்கு வைத்ததும் நாளைப் பின்னிருந்து சொன்னேன். செபம். அதற்கு முன் கால் கழுவியது. அதற்கு முன் படலையடியில் இன்னாசித்தம்பியோடு கதைத்தது.

கதைத்தேனா?

"உள்ளுக்கு வரட்டோ மூப்பர்?" என்று கேட்டான். அது நல்ல ஞாபகம். நான் என்ன சொன்னேன் என்பதுதான் ஞாபகமில்லை.

ஒக்டோபர் 25

"ஆர் குசினிக்குள்ளை தண்ணி ஊத்தினது?" என்று மார்கிரட் கேட்டாள். விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பு."

நான் சாக்கை எடுத்துவந்து துடைத்தேன்.

ஒக்டோபர் 29

விடிய எழும்பினால் இவளின்ரை பேர் வரேல்லை. முப்பது வருசம் ஒண்டாய் இருந்தவள். "இஞ்சேரும், இஞ்சேரும்" எண்டு சமாளிச்சன். எப்பவும் அப்பிடித்தானே கூப்பிடுறனான், அவளுக்கு விளங்கேல்லை. இந்தக் கொப்பியைப் புரட்டித்தான் கண்டுபிடிச்சன். மார்கிரட். மார்கிரட். மார்கிரட்.

பயமாயிருக்கு. அவையள் ஒவ்வொருத்தராய் உள்ளுக்கு வர, உயிரோடை இருக்கிறவை வெளியிலை போகினமோ?

வாத்தியாரிடம் சொல்லலாம். சொன்னால் நிறுத்தச் சொல்லுவார். நிறுத்தினால் அந்தப் பெடியன் இன்னும் ஒரு வருஷம் வாசலில் நிற்கவேண்டும் — இல்லை, ஏலாது. இன்னும் நாலு நாள்தானே. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் விட்டுவிடுவேன்.

நவம்பர் 1

இவள் சமைத்தாள். சாப்பிட்டேன். மூன்று தரம் பேர் சொல்லிப் பார்த்தேன். பிசகவில்லை.

நவம்பர் 2, செவ்வாய்

நாற்பத்தொன்று. முதற்பேராக இன்னாசித்தம்பி. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஒவ்வொரு பேருக்கும் வெளியே கல்வேலியில் ஒரு கல் அசைந்த சத்தம் கேட்டது. மற்றவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும், பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிந்ததும் செபஸ்தியம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "இண்டைக்கு வாசல் காய்ஞ்சிருக்கு மூப்பர். அவன் போயிட்டான்" என்றாள். இவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறெந்த நாளிலும் வந்ததில்லை.

நவம்பர் 3

விடாத மழை. இன்னாசித்தம்பி என் கதிரையில் உட்கார்ந்திருக்கிறான். தலை துவட்டச் சீலை கொடுத்தேன், வேண்டாம் என்றான்.

ஒரு மனுசி தேத்தண்ணி கொண்டுவந்தாள். சுடச்சுட, எனக்குப் பிடித்த பதத்தில். "நீங்கள் ஆர், ஆற்றை பகுதி?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பகிடி விடாதேங்கோ. நான் மார்கிரட்."

படலையிலிருந்து கோயில்வரை மனசுக்குள் நடந்து பார்த்தேன். நாற்பத்தொன்றிலும் அந்தப் பேர் இல்லை. திரும்பவும் நடந்தேன். இல்லை. எங்கோ தவறவிட்டிருக்கிறேன். போன வருஷம் விட்டதுபோல.

அந்த மனுசி இன்னும் குசினி வாசலில் நின்று அழுகிறாள், பாவம். மழை விட்டதும் வேலியோரம் போய் இவளுக்கும் ஓரிடம் பார்க்கவேண்டும்.