மூன்றாம் வரைவின் மாமியார்

மார்ச் 3, செவ்வாய்

மதியம் நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. பில் மேசையிலிருந்தே பதிப்பக எடிட்டரின் போனை எடுத்தேன். என் நாவல் அவருக்குப் பிடித்திருக்கிறதாம். ஆனால் —

"மாமியார் வெறும் அட்டைப் பொம்மையா இருக்காங்க மேடம். வில்லிதான், சரி. காலையில எழுந்ததுமே எதுக்கு அவ்வளவு கோபம்? அதைச் சரி பண்ணுங்க, போட்டுடலாம். இல்லேன்னா கஷ்டம்."

அட்டைப் பொம்மையா? என் மாமியாரையே பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன்! என் முதல் நாவல் இந்த ஒரு பாத்திரத்தால் நின்றுபோகுமா?

மார்ச் 5, வியாழன்

திருத்தி எழுதுவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை அத்தை தினமும் எடுத்து மறுபடி கழுவுகிறார். ஒரு வார்த்தை சொல்வதில்லை. எடிட்டராவது காரணம் சொல்கிறார்.

நாவலில் இது மூன்றாம் அத்தியாயம். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதாக இல்லை.

மார்ச் 11, புதன்

இரண்டாம் வரைவு. மாமியாருக்கு மூட்டு வலி கொடுத்திருக்கிறேன். கோபத்துக்குக் காரணம் வேண்டுமாமே.

மார்ச் 12, வியாழன்

எடிட்டர்: "மூட்டு வலி வேண்டாம்."

மார்ச் 20, வெள்ளி

வேலை முடிந்து வந்தால், சாப்பாட்டு மேசையில் அத்தை. கையில் என் வரைவு. மூக்கில் என் கடையிலிருந்து நானே வாங்கிக் கொடுத்த புதுக் கண்ணாடி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். "அம்மா பேப்பர்ல மரண அறிவிப்பு தவிர ஒண்ணும் படிக்க மாட்டாங்க" என்று இவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாரே!

போச்சு. எல்லாம் போச்சு. இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த வீட்டுல இருப்பேன்?

அத்தை தாள்களைத் தட்டி அடுக்கினார். "பாவம் அந்தப் பொண்ணு. எனக்கு வாய்ச்ச மாமியாரும் இப்படித்தான்."

தப்பித்தேன்! தன்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் வந்தது. அவ்வளவு மோசமாகவா எழுதியிருக்கிறேன்?

மார்ச் 22, ஞாயிறு

அத்தை சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருடைய மாமியார் சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைப்பாராம். மருமகள் வாய்விட்டுச் சிரித்தால் எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைப்பாராம். அந்த வயதில் எவ்வளவு சிரிப்பு வரும்! காய் நறுக்குகிற பாவனையில் எல்லாவற்றையும் கறந்துகொண்டேன்.

அத்தனையும் என் கதாநாயகிக்கு. பிரமாதமாகக் கஷ்டப்படுகிறாள். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

மூன்றாம் வரைவை நானே அத்தையிடம் கொடுத்தேன். கொழுப்புதான், வேறென்ன. சாயங்காலம் திருப்பித் தந்தார்.

"நல்லாருக்கு. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அத்தை."

"பாத்திரத்தைத் திரும்பக் கழுவுறது நான். சரி, கழுவுறேன், எழுதிக்கோ. ஆனா ரேடியோ எனக்கு நடந்ததும்மா. அதை எதுக்கு நீ எடுத்துக்கிட்ட?"

முதல் நாளே தெரியுமாம். கழுவிய பாத்திரத்தைப் படித்ததுமே தெரிந்துவிட்டதாம்!

"ஏன் அத்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா மீதியப் படிக்கக் குடுத்திருப்பியா? என்னைப் பத்தி நீ என்ன நெனைக்கிறேன்னு நான் வேற எங்க போய்த் தெரிஞ்சுக்கிறது?"

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திட்டியிருந்தா பரவாயில்ல. திட்டவே இல்லையே.

ஏப்ரல் 7, செவ்வாய்

ரேடியோவை மாமியாருக்கே திருப்பிக் கொடுத்தேன். சர்க்கரை டப்பாவையும். கதையில் அவர் இப்போது புது மருமகளாகச் சிரித்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் வருகிறார், அப்புறம் சிரிப்பதில்லை. கோபத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. கதாநாயகியின் பங்குக்குப் பாத்திரங்கள் மட்டும்தான் மிச்சம்.

ஏப்ரல் 17, வெள்ளி

எடிட்டர் போன். நாவலைப் போடுகிறார்கள்!

"மாமியார் உயிரோட வந்திருக்காங்க மேடம். கதாநாயகிதான்... ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறா. அவளைக் கொஞ்சம் திருத்த முடியுமா?"

அத்தையிடம் அப்படியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"வேண்டாம்மா, அவளை மாத்தாத" என்றார். "அச்சு அசலா வந்திருக்கா."