பெயர் வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம்

உன் புகைப்படக் கண்காட்சியின் கையேடு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. அட்டையில் என் அம்மா, ரப்பர் பால்வாளியோடு. கீழே ‘தோட்டத் தொழிலாளி, மலாக்கா’ என்று மட்டும் இருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அட்டையைத் தடவிக்கொண்டே, “எம் பேரு போட்டிருக்காடி?” என்று கேட்டாள். போட்டிருக்கிறது என்றேன். நீ செத்த பிறகு உனக்காக நான் சொன்ன பொய் அது.

நாம் தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழிகள். நீ ஓவியத்துறைப் பேராசிரியராகி, பழைய புகைப்படங்களின் வரலாற்றை ஆராயப் போனாய். நான் பக்கத்தில் செங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போனேன். பல வருடம் கழித்து நீ கேமராவோடு பெம்பானில் எங்கள் வீட்டுக்கு வந்தாய். வெள்ளைக்காரன் காலத்துப் படம் ஒன்றை அம்மாவிடம் காட்டினாய். ரப்பர் மரங்களுக்கு முன்னால் வரிசையாக நம் ஆட்கள். அடியில் ‘கூலிகள்’ என்று ஒரே சொல்.

“படம் புடிச்சவன் ஒருத்தர் பேரக்கூட கேக்கலியா?” என்றாள் அம்மா.

நீ இல்லை என்று தலையசைத்தாய்.

“அப்ப நீ கேளு. கேட்டுட்டு எடு.”

பெயர் கேட்காமல் எடுக்கும் படம் திருட்டு என்று அன்று நீதான் சொன்னாய். அதன்பின் எத்தனை சனிக்கிழமைகள். தோட்டத்தை விற்றபின் ஜாசின் பக்கம் சிதறிப்போன குடும்பங்களை என் பழைய காரில் தேடிப் போனோம். நீ படம் எடுத்தாய். நான் நோட்டில் பெயர் எழுதினேன். சில பெண்கள் வெட்கப்பட்டு, மூன்று முறை கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

போன வாரம் கண்காட்சிக்குப் போனேன். ஒரு படத்துக்கும் பெயரில்லை. பொறுப்பாளரிடம் சண்டை பிடித்தேன். அந்த இளைஞன் மரியாதையாகவே ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினான். உன் கையெழுத்து. பெயர்கள் பார்ப்பவர் கவனத்தைக் கலைக்கும், வேண்டாம் என்று நீயே எழுதியிருந்தாய்.

நோயில் எழுதியதோ என்று தேதியைப் பார்த்தேன். இல்லை. நீ நன்றாக நடமாடிய காலம். அதை எழுதிவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் என் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் கேட்டிருக்கிறாய்.

“உங்க மதர் படத்துக்கு மட்டும் பேரு போட்டுடலாம்லா ஆன்ட்டி” என்றான் அவன்.

“எல்லாருக்கும் போடுங்க. இல்லாட்டி எங்கம்மா படத்த எறக்கிடுங்க.”

இறக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பெரிய இடத்துக்குப் போனவள், அங்கே உள்ளவர்கள் சொன்னதைக் கேட்டிருப்பாள் என்று உனக்காகப் பரிந்து பேசினாள். எனக்கு அந்த மனசு இல்லை. ஏன் செய்தாய் என்று கேட்க நீயும் இல்லை.

நாளை மறுபடி போகிறேன். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, இவர் இன்னார் என்று வருகிறவர்களிடம் சொல்லப் போகிறேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று சொல்வேன். இதையெல்லாம் எடுத்தது யார் என்று அவர்கள் கேட்பார்கள். உன் பெயர் அங்கே சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதை என் வாயால் சொல்ல மாட்டேன். எங்கள் தோட்டத்துப் பெண் என்று மட்டும் சொல்வேன்.